ஆய்வுகூடத்தின் மறைந்த கைகள்: விஞ்ஞான வரலாற்றில் தொழினுட்ப ஊழியரின் நிலை பற்றிய சில குறிப்புகள்

விஞ்ஞான வரலாறு பெரும்பாலும் புகழ்பெற்ற அறிஞரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கருத்தொன்று ஒருவரது சிந்தையில் உதிக்கின்றது. பரிசோதனை அதனை உறுதிப்படுத்துகின்றது. நூல் அதனை உலகுக்கு அறிவிக்கின்றது என்ற வாய்பாடே நமது பாடநூல்களிலும் காணப்படுகின்றது. பரிசோதனையைச் செய்த கை யாருடையது, கருவியை அமைத்தவர் யார், ஆயிரக்கணக்கான கணிப்புகளை இரவுபகலாகப் போட்டவர் யார் என்ற வினாக்கள் அந்த வாய்பாட்டினுள் எழுவதில்லை. எட்கர் சில்செல், ஜே. டி. பேர்ணல் முதலியோர் நவீன விஞ்ஞானத்தின் தோற்றத்தில் கைவினைஞரின் பங்கினை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே வலியுறுத்தினர். எனினும், விஞ்ஞானம் நிறுவன வடிவம் பெற்ற பின்னர் அந்தக் கைவினைஞரின் வழித்தோன்றல்களான ஆய்வுகூட உதவியாளர், கணிப்பாளர், படவரைஞர், கருவி அமைப்போர் ஆகியோருக்கு என்ன நேர்ந்தது என்பது போதியளவு ஆராயப்படவில்லை.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது அவ்வினாவின் ஒரு பகுதியையே. ஒரு தொழினுட்ப ஊழியரின் பெயர் ஆவணத்தில் நிலைப்பதும் அழிவதும் எவற்றைப் பொறுத்து அமைகின்றன? அவரது திறமையைப் பொறுத்து என்பது எளிய விடை. கீழே நாம் காணவிருக்கும் சான்றுகள் அவ்விடையை ஆதரிக்கவில்லை.

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்திலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும். வளியின் அழுத்தம் பற்றிய றொபேட் பொயிலின் பரிசோதனைகள் 1660 ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. பொயில், அயர்லாந்தில் பெருநிலம் சேர்த்த கோர்க் பிரபுவின் மகன். அப்பரிசோதனைகளுக்கு அடிப்படையாக இருந்த வளிப்பம்பியைச் செம்மையாக இயங்கும் வண்ணம் அமைத்துக் கொடுத்தவர் அவரிடம் ஊதியம் பெற்று வேலைசெய்த றொபேட் ஹூக். பொயிலின் ஆய்வுகூடத்தில் வேறு பலரும் பணிபுரிந்தனர். உலையை மூட்டியோர், பம்பியை இயக்கியோர், அளவுகளைப் பதிந்தோர் என அவர்கள் பலர். ஆயின், அவருள் மிகப் பெரும்பாலோருக்குப் பெயரில்லை. வரலாற்றாசிரியர் ஸ்டீவன் ஷேப்பின் 1989 இல் எழுதிய கட்டுரையொன்றில் இந்நிலையை நுணுகி ஆராய்ந்துள்ளார். அவர் காட்டும் ஓர் உண்மை மனங்கொள்ளத்தக்கது. பொயிலின் எழுத்துகளில் உதவியாளர் தோன்றும் இடங்கள் பெரும்பாலும் ஏதாவது பிழைத்துப்போன இடங்களே. கண்ணாடிக் கலம் உடைந்தால் அதனை உடைத்தவன் உண்டு. பரிசோதனை செவ்வனே நிறைவேறினால் அதனைச் செய்தவர் ‘நாம்’. பிறர் ஊதியத்தில் வாழ்பவன் பிறர் விருப்பத்துக்கு உட்பட்டவன். ஆதலால் அவனது சாட்சியம் சுதந்திரமான சாட்சியம் ஆகாது என்ற அக்காலச் சமூக நியதி விஞ்ஞானத்தினுள்ளும் புகுந்துகொண்டது என்பது ஷேப்பினின் விளக்கம். கண்டவன் ஊழியன், கண்டதாகக் கொள்ளப்பட்டவர் கனவான்.

விதிவிலக்குகள் இல்லாமலில்லை. டெனிஸ் பப்பன் என்ற பிரெஞ்சுக்காரர் பொயிலிடம் பணிபுரிந்தபோது செய்த பரிசோதனைகளையும் அவற்றை எழுதியதில் அவருக்கிருந்த பெரும்பங்கையும் பொயில் தாமே நூன்முகத்தில் ஒப்புக்கொண்டார். ஆனால் பப்பன் மருத்துவம் கற்றவர்; தம் பெயரில் நூல் வெளியிட்டவர். ஹூக்கின் கதை இன்னும் சிக்கலானது. 1662 இல் றோயல் கழகம் அவரைப் பரிசோதனைப் பொறுப்பாளராக நியமித்தது. வாராந்தக் கூட்டம் ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு பரிசோதனைகளை ஆயத்தஞ்செய்து காட்டுவது அவரது கடமை. அடுத்த ஆண்டிலேயே அவர் கழகத்தின் அங்கத்தவருமானார். ஆயினும் ஊதியம் ஒழுங்காகக் கிடைத்ததில்லை. அவ்வூதியத்தின் ஒரு பகுதியாகக் கருதப்பட்ட விரிவுரைக் கொடையை ஜோன் கட்லர் என்ற வணிகர் கொடாது விட்டமையால், ஹூக் நீண்டகாலம் வழக்காடி 1696 இல்தான் வெற்றிபெற்றார். அவர் இறந்தது 1703 இல். கழகத்தின் அங்கத்தவராகவும் அதன் சம்பளக்காரராகவும் ஒருங்கே இருந்த ஒருவரின் இக்கட்டு இது. அறிவால் சமமானவர், கொடுக்கல்வாங்கலில் வேலையாள்.

இந்த அமைப்பு குடியேற்ற நாடுகளுக்கு வந்தபொழுது அதனுடன் இனப் படிநிலையும் சேர்ந்துகொண்டது. இந்தியாவின் பெருந்திரிகோண நிலவளவையில் 1831 ஆம் ஆண்டு கணிப்பாளராகச் சேர்ந்த இராதாநாத் சிக்தாரின் வாழ்க்கை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். கல்கத்தா இந்துக் கல்லூரியில் பயின்ற இவ்விளைஞர் ஜோர்ஜ் எவரெஸ்டின் கீழ்ப் பணியேற்றுப் படிப்படியாகத் தலைமைக் கணிப்பாளரானார். 1852 முதல் கல்கத்தா வானிலை அவதான நிலையத்தின் பொறுப்பையும் வகித்தார். பதினைந்தாம் சிகரம் எனக் குறிக்கப்பட்ட மலையின் உயரம் 29,002 அடி என்றும், அதுவே அதுவரை அளக்கப்பட்டவற்றுள் மிகவுயர்ந்தது என்றும் நிலவளவைத் தலைவர் அன்ட்ரூ வோ 1856 இல் அறிவித்தார். அம்மலைக்கு அவர் சூட்ட விரும்பிய பெயர் தமக்கு முன் அப்பதவியிலிருந்த எவரெஸ்டின் பெயர்.

சிக்தார் ஒருநாள் தலைவரின் அறையினுள் ஓடிச்சென்று உலகின் மிகவுயர்ந்த மலையைக் கண்டுவிட்டேன் எனக் கூறியதாக ஒரு கதை வழங்குகின்றது. இதனை நாம் அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. பல நிலையங்களிலிருந்து பெற்ற கோணங்களைப் பல ஆண்டுகள் பலர் கூடிக் கணித்துப் பெற்ற முடிபு அது. தனியொரு மேதையின் இடத்தில் இன்னொரு தனி மேதையை இருத்துவதால் கூட்டுழைப்பின் வரலாறு எழுதப்பட்டதாகாது. சிக்தாரின் விடயத்தில் ஐயத்துக்கிடமின்றிப் பதிவாகியுள்ள வேறு இரண்டு செய்திகளே நமக்கு முக்கியமானவை.

முதலாவது, நிலவளவைத் திணைக்களம் பயன்படுத்திய கைந்நூல் பற்றியது. சிமித், துல்லியர் என்ற இரு படையதிகாரிகளின் பெயரில் 1851 இல் வெளிவந்த அந்நூலின் விஞ்ஞானப் பகுதிகள் பலவற்றை எழுதியவர் சிக்தார். முதலிரு பதிப்புகளின் முகவுரையும் அதனை வெளிப்படையாகக் கூறி நன்றி தெரிவித்தது. சிக்தார் 1870 இல் இறந்தார். 1875 இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் அவர் எழுதிய பகுதிகள் இருந்தன. அவர் பெயர் இருக்கவில்லை. இச்செயலை அக்காலத்து ஆங்கிலேயருட் சிலரே பத்திரிகையில் வன்மையாகக் கண்டித்தனர். திறமை மாறவில்லை, எழுத்தும் மாறவில்லை. முகவுரையைத் திருத்தும் பேனா எவர் கையிலிருந்தது என்பதே வேறுபாட்டுக்குக் காரணம்.

இரண்டாவது செய்தி 1843 இல் டேராடூனில் நிகழ்ந்தது. நிலவளவைத் திணைக்களத்தின் கூலியாட்களை நீதவான் ஒருவர் தமது மூட்டைகளைச் சுமக்கும்படி கூலியின்றி ஏவினார். சிக்தார் அம்மூட்டைகளைத் தடுத்து வைத்து, எழுத்துமூல ஆணையின்றி விடமுடியாதென நின்றார். வழக்கு நடந்தது; சிக்தாருக்கு 200 ரூபா தண்டம் விதிக்கப்பட்டது. மலையின் உயரத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இதனைப் பேசுவதில்லை. கணிப்பாளருக்கும் கீழே, கருவிகளை மலையுச்சிகளுக்குச் சுமந்து சென்ற மக்கட் கூட்டம் ஒன்று இருந்தது என்பதையும், அக்கூட்டத்தின் உழைப்பு எவ்விதம் சுரண்டப்பட்டது என்பதையும் அவ்வழக்கு நமக்குக் காட்டுகின்றது. அவர்களுள் ஒருவரது பெயரேனும் எந்த முகவுரையிலும் ஏறியதில்லை. எனவே நீக்கப்படவேண்டிய அவசியமும் ஏற்படவில்லை.

கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு வருவோம். சென்னை வானவியல் அவதான நிலையத்தில் 1840 களில் சேர்ந்து, 1880 இல் இறக்கும்வரை பணிபுரிந்தவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரி. பஞ்சாங்கக் கணிதம் பரம்பரைத் தொழிலாக இருந்த குடும்பத்தவர். நோர்மன் பொக்சன் அந்நிலையத்தின் தலைவராக இருந்த காலத்தில் இவர் முதலுதவியாளர். இரவு தோறும் உச்சவட்டக் கருவியில் விண்மீன்களின் இருப்பிடங்களைக் குறித்த பெரும்பணி இவரது கண்ணுங் கையும் செய்தது. 1867 இல் இவர் கண்டறிந்த ஒளிமாறும் விண்மீன் ஒன்று வானவியற் பட்டியல்களில் இடம்பெற்றுள்ளது. 1868 ஆம் ஆண்டு முழுச் சூரிய கிரகணத்தின்போது வனபர்த்திக்குச் சென்ற அவதானக் குழுவுக்குப் பொறுப்பாயிருந்தார். 1872 இல் இலண்டன் அரச வானவியற் கழகத்தின் அங்கத்தவராகத் தெரிவுசெய்யப்பட்டார்.

சிக்தாரின் பெயர் மங்கிய அதே காலப்பகுதியில் இரகுநாதாச்சாரியின் பெயர் எவ்வாறு தப்பியது? பொக்சன் தமது உதவியாளரின் பெயரை மறைக்காமல் எழுதினார் என்பது ஒரு காரணம். ஆனால் அதுமட்டுமன்று. இரகுநாதாச்சாரி தாமே அச்சுக்குச் சென்றவர். 1874 ஆம் ஆண்டில் வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதை முன்னிட்டு, பொதுமக்களுக்காகச் சிறு நூலொன்று எழுதி ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் வெளிவரச் செய்தார். அதற்கும் முன்னரே, நேரிற் காணும் வானநிலையோடு பொருந்தும் திருக்கணித முறையில் பஞ்சாங்கம் கணித்து வெளியிடத் தொடங்கியிருந்தார். வாக்கியமா திருக்கணிதமா என்ற விவாதம் இன்றும் வீட்டுக்கு வீடு நடைபெறும் யாழ்ப்பாணத்து வாசகருக்கு அதன் முக்கியத்துவத்தை விளக்க வேண்டியதில்லை. தலைவரின் ஆண்டறிக்கைக்கு வெளியே தமக்கென ஒரு வாசகர் கூட்டத்தை அவர் உண்டாக்கிக்கொண்டார். அவரது பெயர் ஒரு மேலதிகாரியின் நன்னோக்கை மாத்திரம் நம்பியிருக்கவில்லை. இவையெல்லாம் இருந்தும், அவர் இறுதிவரை உதவியாளராகவே இருந்தார் என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டும். கழக அங்கத்துவம் வந்தது; படிநிலையில் அடுத்த படி இருக்கவில்லை.

நமது நாட்டில் இதற்கு ஒப்பான சான்று பேராதனைத் தாவரவியற் பூங்காவில் உள்ளது. அலெக்சாந்தர் மூன் அதன் பொறுப்பாளராக இருந்த காலத்தில், 1823 அளவில், படவரைஞராகச் சேர்ந்த ஹரமானிஸ் டி அல்விஸ் செனவிரத்ன ஏறத்தாழ நாற்பதாண்டுகள் அங்கு தாவரங்களை வரைந்தார். மூன் போனார், கார்ட்னர் வந்தார், அவருக்குப்பின் த்வெயிற்ஸ் வந்தார். பொறுப்பாளர்கள் மாறிக்கொண்டிருக்க, பூங்காவின் தொடர்ச்சியான நினைவாக விளங்கியவர் இந்த வரைஞரே எனலாம். அவரது புதல்வர்களான வில்லியம், ஜோர்ஜ் ஆகியோரும் அதே பணியைத் தொடர்ந்தனர். 1880 முதல் 1887 வரை இலண்டனில் மூன்று பாகங்களாக வெளிவந்த இலங்கை வண்ணத்துப்பூச்சிகள், அந்துப்பூச்சிகள் பற்றிய பெருநூலின் ஆசிரியர் பிரெடெரிக் மூர். அதன் வண்ணப்படங்களுக்கு மூலமான சித்திரங்கள் பேராதனையில் அச்சகோதரர் உயிருள்ள மாதிரிகளைப் பார்த்து வரைந்தவை. புழு, கூட்டுப்புழு, அது உண்ணும் இலை என ஒவ்வொரு பருவத்தையும் காத்திருந்து வரைய வேண்டியிருந்தது. ஹென்றி றைமன் 1893 முதல் வெளியிட்ட இலங்கைத் தாவரக் கைந்நூலின் படங்களும் அக்குடும்பத்தின் உழைப்பில் உருவானவையே.

தாவரவியலில் படவரைஞர் என்பவர் அலங்காரஞ் செய்பவர் அல்லர். உலர்ந்த மாதிரியில் நிறம் போய்விடும். பூவின் உள்ளுறுப்புகள் நசிந்துவிடும். எவ்வுறுப்பு இனத்தை வேறுபடுத்துகின்றது, எதனைப் பெருப்பித்துக் காட்ட வேண்டும், எதனை விட்டுவிடலாம் எனத் தீர்மானிப்பது வகைப்பாட்டு அறிவேயாகும். அத்தீர்மானம் தூரிகையால் செய்யப்பட்டமையால் அது கைத்திறன் எனப்பட்டது. இலத்தீன் மொழியில் எழுதப்பட்டிருந்தால் விஞ்ஞானம் எனப்பட்டிருக்கும்.

இக்குடும்பத்துக்கு அங்கீகாரம் முற்றிலும் மறுக்கப்பட்டது எனக் கூறுவது நேர்மையாகாது. த்வெயிற்ஸும் றைமனும் அவர்களைப் பாராட்டி எழுதியுள்ளனர். இலங்கையின் சிறு ஒட்டு ஓர்க்கிட் இனமொன்று அல்விஸ் என்ற பெயரையே தாங்கி நிற்கின்றது. மூத்தவருக்குக் குடியேற்ற அரசின் சுதேச கௌரவப் பட்டமும் கிடைத்தது. ஆயின், கிடைத்த கௌரவத்தின் இயல்பை நோக்குதல் வேண்டும். அது சமூகத்தில் அணிந்துகொள்ளத்தக்க பட்டம்; தாவரவியலில் ஒரு பதவி அன்று. ஓர் இனத்துக்கு அவர் பெயரை இட்டனர். ஓர் இனத்துக்குப் பெயரிடும் தகுதி அவருக்கு உண்டு என எண்ணவில்லை.

குடியேற்ற ஆட்சி நீங்கியதும் இந்நிலை நீங்கிவிடும் என்றோ, அது ஆசியாவுக்கே உரியது என்றோ கொள்ளலாகாது. ஐக்கிய அமெரிக்காவில் ஹாவாட் அவதான நிலையத்தில் மணித்தியாலத்துக்கு 30 சதம் ஊதியத்துக்குப் பணிபுரிந்த ஹென்றியெற்றா லெவிற் என்ற பெண்மணி, ஒளிமாறும் விண்மீன்களின் ஒளிமாற்றக் காலத்துக்கும் பிரகாசத்துக்குமிடையேயான தொடர்பை 1912 இல் நிறுவினார். அண்டத்தின் தூரங்களை அளப்பதற்கு அடிகோலிய அந்த அறிக்கையின் முதல் வாக்கியம் அதனை ஆக்கியவர் லெவிற் எனக் கூறுகின்றது. அடியிலுள்ள ஒப்பம் நிலையத் தலைவர் பிக்கறிங்கினது.

விவியன் தோமஸின் வாழ்வு இதனினும் கூர்மையானது. 1910 இல் பிறந்த இக்கறுப்பின இளைஞர் தச்சுத்தொழில் கற்றவர். மருத்துவம் பயில விரும்பிச் சேமித்த பணம் பொருளாதார மந்தத்தில் வங்கி முறிந்தபோது போயிற்று. 1930 இல் அறுவை மருத்துவர் அல்பிரட் பிளாலொக்கின் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். சிறிது காலத்தில் சிக்கலான விலங்குப் பரிசோதனைகளைத் தனியே செய்யும் திறன் பெற்றார். ஆனால் பல்கலைக்கழகத்தின் சம்பளப் பட்டியலில் அவர் துப்புரவுத் தொழிலாளி. இருவரும் 1941 இல் பால்ற்றிமோரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸுக்கு வந்தனர். பிறவி இருதயக் குறைபாட்டால் நீலம்பாரித்த குழந்தைகளுக்கான அறுவைமுறையை நாய்களில் நூற்றுக்கணக்கான முறை செய்து சீர்ப்படுத்தியவர் தோமஸ். 1944 நவம்பர் 29 ஆந் திகதி முதற் குழந்தைக்கு அவ்வறுவை செய்யப்பட்டபோது பிளாலொக்கின் பின்னால் ஒரு படிக்கட்டையின் மேல் நின்று, தையல் எங்கு எவ்வாறு இடப்பட வேண்டும் எனச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த ஆய்வுக் கட்டுரை பிளாலொக், டௌசிக் என்னும் இருவரின் பெயரில் அமைந்தது. தோமஸின் பெயர் நன்றியுரையிற்கூட இல்லை.

வரலாறு சொல்வோர் பெரும்பாலும் இக்கட்டுரையோடு நின்றுவிட்டு, 1971 இல் அவரது உருவப்படம் திறக்கப்பட்டதையும் 1976 இல் கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கப்பட்டதையும் மகிழ்ச்சியான முடிவாகக் கூறுவர். (அப்பட்டமும் மருத்துவத்துக்கு உரியதன்று, சட்டத்துக்கு உரியது.) இடையில் நிகழ்ந்ததே நமது கவனத்துக்குரியது. உலகப்புகழ் பெற்ற அறுவைமுறையை உருவாக்கிய பின்னரும் குடும்பத்தைப் பேணச் சம்பளம் போதாமையால், பிளாலொக்கின் வீட்டு விருந்துகளில் மது பரிமாறும் வேலைக்கும் அவர் செல்ல நேர்ந்தது. தச்சுத்தொழிலுக்கே திரும்பிவிடலாம் எனவும் எண்ணினார். 1946 இல் சம்பளம் கணிசமாக உயர்த்தப்பட்ட பின்னரே அவர் தங்கினார். அவர் அங்கு தங்கியதால்தான் ஒரு தலைமுறை அமெரிக்க அறுவை மருத்துவர்கள் அவரிடம் கைப்பயிற்சி பெற்றனர். அங்கீகாரமும் ஊதியமும் வெவ்வேறு பிரச்சினைகள் எனக் கொண்டு, முன்னதைப் பாராட்டு விழாவுக்கும் பின்னதைத் தொழிற்சங்கத்துக்கும் ஒதுக்கிவிடும் வழக்கம் எவ்வளவு பிழையானது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

அண்மைக்காலத்தில் சில மாற்றங்கள் தோன்றியுள்ளன. பிரித்தானியப் பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் 2017 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தொழினுட்பவியலாளர் உறுதிமொழி ஒன்றில் கைச்சாத்திட்டு வருகின்றன. தொழினுட்ப ஊழியரைக் கண்ணுக்குப் புலப்படச் செய்தல், அவர்தம் தகைமைகளுக்குத் தொழில்சார் பதிவு அளித்தல், பதவியுயர்வுக்கு வழியமைத்தல், அத்திறன்கள் அடுத்த தலைமுறைக்கும் கிடைக்கச் செய்தல் என்பன அதன் நோக்கங்கள். ஆய்வேடுகளைப் பொறுத்தவரையில், நூலாசிரியர் பட்டியலுக்குப் பதிலாக அல்லது அதனுடன் சேர்த்து, ஒவ்வொருவரும் செய்த பங்கினைப் பதினான்கு வகைகளாகப் பிரித்துக் குறிக்கும் முறையொன்றைச் சஞ்சிகைகள் பல கைக்கொண்டுள்ளன. கருவியமைப்பு, மென்பொருள் ஆக்கம், தரவு பேணல் என்பனவும் அதிற் பங்களிப்புகளாக எண்ணப்படுகின்றன. இரண்டையும் நாம் வரவேற்கின்றோம். ஆனால் முகவுரையைத் திருத்தும் பேனா இன்றும் ஆய்வுத் தலைவரிடமே உள்ளது. குறுகிய கால ஒப்பந்தத்தில் உள்ள ஊழியர் தமது பெயர் விடுபட்டதென வாதிடும் நிலையில் பெரும்பாலும் இல்லை. நிலையான நியமனமும், ஆய்வுமேசையை விட்டு நிருவாகத்துக்கு ஓடாமலே மேலே செல்லத்தக்க பதவிப் படிகளும் இன்றி, பெயர்ப்பட்டியல் மாத்திரம் அதிகம் சாதிக்கும் என நாம் எண்ணவில்லை.

நமது பல்கலைக்கழகங்களில் ஊழியர் கல்விசார், கல்விசாரா எனப் பிரிக்கப்படுகின்றனர். தொழினுட்ப உத்தியோகத்தர் இரண்டாவது பிரிவில் உள்ளனர். மாணவருக்கு நுண்காட்டியில் மென்வெட்டு எடுக்கக் கற்பிப்பவரும், இறக்குமதிக்கு வழியற்ற காலத்தில் பழைய கருவியின் உறுப்பைப் பட்டறையில் கடைந்து பொருத்துபவரும், செய்முறைப் பரீட்சைக்கு ஒவ்வொரு கரைசலின் செறிவையும் சரிபார்ப்பவரும் ‘கல்விசாரா’ என்ற எதிர்மறைச் சொல்லாலேயே வரையறுக்கப்படுகின்றனர். தாம் எதுவோ அதனாலன்றித் தாம் எது அல்லவோ அதனால் பெயர்பெற்ற வேறு தொழிற் பிரிவு அரிது. விரிவுரையாளரைச் ‘சேர்’ என்றும் ஆய்வுகூட ஊழியரை ‘அண்ணை’ என்றும் நமது மாணவர் விளிப்பர். அண்ணை என்பதில் அன்பு உண்டு, ஐயமில்லை. அவ்வன்பு பதவியுயர்வுக் குழுவின் முன் சான்றாவதில்லை. கைத்தொழிலைச் சாதியோடு பிணைத்துத் தாழ்த்திய சமூகமொன்றில், இப்பிரிவினையை மேற்கிலிருந்து வந்த இறக்குமதி என்று மட்டும் கூறித் தப்பிவிடவும் இயலாது. பிரித்தானியர் கொண்டுவந்த பதவி வரிசை நம்மிடமிருந்த வரிசையின் மேல் இலகுவாகப் பொருந்திக்கொண்டது.

இத்துறையில் ஆய்வு மேற்கொள்ள விரும்புவோர்க்கு மூலங்கள் இல்லாமலில்லை. குடியேற்ற காலத் திணைக்களங்களின் ஆண்டறிக்கைகள், 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது முதலான ஊழியர் பட்டியல்கள், தொழிற்சங்கங்களின் மகஜர்கள் என்பன ஒருபுறம். இதுவரை எவரும் வரலாற்று ஆவணமாகக் கருதாத இன்னொரு மூலமும் உண்டு. நூலகங்களில் உள்ள விஞ்ஞானபீட ஆய்வேடுகளின் நன்றியுரைப் பக்கங்களே அவை. மேற்பார்வையாளருக்கும் பெற்றோருக்கும் இடையில், பெரும்பாலும் தலையெழுத்து மாத்திரமான பெயரொன்று அங்கு இருக்கும்; அதே பெயர் இருபது முப்பது ஆண்டு ஆய்வேடுகளில் திரும்பத் திரும்ப வரும். அப்பெயர்களைத் தொகுத்து, எவ்வெவ் ஆய்வுகளில் எவர் பணியாற்றினார் என அட்டவணை செய்வது ஒரு பட்டதாரி மாணவர் ஓராண்டில் முடிக்கத்தக்க வேலை. இளைப்பாறியோர் பலர் பேராதனையிலும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இன்றும் வாழ்கின்றனர். ஒலிப்பதிவுக் கருவியுடன் அவர்களிடம் சென்று, எந்தக் கருவியை யார் கற்பித்தார், எந்தப் பரிசோதனை எப்போது எவ்வாறு மாற்றியமைக்கப்பட்டது, அதனை எழுதியவர் யார் என்று கேட்டுப் பதிதல் அட்டவணைக்கு முன்னரே தொடங்கப்பட வேண்டிய பணியாகும்.